கன்ட்ரி மியூசிக்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

வாட்ஸ்அப் குழுவில் ஒரு கன்ட்ரி பாட்டைப் போட்டால் போதும், ஒரே வகைச் சந்தேகங்கள் வரிசை கட்டி வரும். தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன். முதல் சில கேள்விகள் புதிதாகக் கேட்க வருபவர்களுக்கானவை. போகப்போகக் கொஞ்சம் சிக்கலாகும்.

கன்ட்ரி மியூசிக்னா என்னங்க? நம்ம ஊர் கிராமியப் பாட்டு மாதிரியா?

பாதி அப்படித்தான். அமெரிக்காவின் தென் மாநிலங்களில், குறிப்பாக அப்பலாச்சியன் மலைப்பகுதியில், உருவான இசை இது. ஸ்காட்லாந்து, அயர்லாந்து, இங்கிலாந்திலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த கதைப்பாடல்கள், கறுப்பின மக்களின் ப்ளூஸ், தேவாலயப் பாட்டு, ஊர் நடனத்துக்கு வாசித்த பிடில் மெட்டுகள் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. நம் நடவுப் பாட்டு, தாலாட்டு போல யார் கட்டியது என்றே தெரியாத பாட்டுகள் அதன் அடியில் நிறைய உண்டு.

மீதிப் பாதி வியாபாரம். 1920களில் ரெக்கார்டு கம்பெனிகளும் வானொலியும் இந்தப் பாட்டுகளை எடுத்து விற்கத் தொடங்கின. பாடகர் பெயர், பாட்டின் உரிமை, ராயல்டி, விற்பனைப் பட்டியல் எல்லாம் அப்போதே உள்ளே வந்துவிட்டன. இதை மறந்துவிட்டால், கீழே வரும் பல சண்டைகள் எதற்கு என்றே புரியாது.

ஒரு பாட்டைக் கேட்டவுடனே இது கன்ட்ரின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் வாத்தியங்கள். பிடில், பாஞ்சோ, அகூஸ்டிக் கிட்டார், அப்புறம் ஸ்டீல் கிட்டார். அழுவது போல ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு வழுக்கிக்கொண்டு போகும் சத்தம் கேட்டால் அது ஸ்டீல் கிட்டார்தான். அது ஹவாய் தீவிலிருந்து வந்தது. 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பெரிய பொருட்காட்சியில் ஹவாய் கலைஞர்கள் வாசித்தார்கள். அமெரிக்கா முழுக்க அதன் மேல் பைத்தியம் பிடித்துக்கொண்டது. நம் கர்நாடக இசைக் காதுக்கு அந்தக் கமகம் சட்டென்று பிடித்துப்போகும்.

இரண்டாவது, பாட்டின் கட்டு. பெரும்பாலான பாட்டுகள் மூன்றே கார்டுகளில் (chord, ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) நிற்பவை. கீழ் ச-வை ஆதாரமாக வைத்தால் ச, சுத்த மத்யமம், ப ஆகிய மூன்றின் மேல் எழும் கார்டுகள் அவை. டென்னசி மாநிலத்தில் கன்ட்ரியின் தலைநகர் போல இருக்கும் நாஷ்வில் நகர ஸ்டூடியோக்களில் இவற்றை 1, 4, 5 என்று எண்களாகவே எழுதிக்கொள்வார்கள். பாடகர் “தொண்டை சரியில்லை, சுருதியை இறக்குங்க” என்றாலும் தாளில் எதையும் மாற்ற வேண்டாம், எண்கள் அப்படியே இருக்கும்.

மூன்றாவது, வரிகள். அதில் பெயர், ஊர், வேலை, கடன், குடி, அம்மா, ரயில் எல்லாம் வரும். முதல் இரண்டு வரியிலேயே யார், எங்கே, என்ன பிரச்சினை என்று தெரிந்துவிட்டால் பெரும்பாலும் கன்ட்ரிதான்.

இது எங்கே, எப்போ ஆரம்பிச்சது?

மலைவீடுகளின் திண்ணையில் எப்போது ஆரம்பித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ரெக்கார்டில் என்றால் சொல்லலாம். 1922இல் எக் ராபர்ட்சன் என்ற டெக்சஸ் பிடில்காரர் நியூயார்க் போய் வாசித்துவிட்டு வந்தார். 1923இல் அட்லாண்டாவில் ஃபிட்லின் ஜான் கார்சன் பாடிய ரெக்கார்டு விற்றது. அப்போதுதான் கம்பெனிகளுக்கு இதில் காசு இருக்கிறது என்று உறைத்தது. ஆனால் எல்லோரும் பிறந்த வீடு என்று கொண்டாடுவது பிரிஸ்டல் ஊரைத்தான். 1998இல் அமெரிக்க நாடாளுமன்றமே தீர்மானம் போட்டு அந்தப் பட்டத்தைக் கொடுத்தது.

பிரிஸ்டலின் கடைத்தெருவுக்கு ஸ்டேட் ஸ்ட்ரீட் என்று பெயர். தெருவின் ஒரு பக்கம் டென்னசி, மறுபக்கம் வர்ஜீனியா, நடுவில் மாநில எல்லை. விக்டர் ரெக்கார்டு கம்பெனிக்காக ரால்ஃப் பியர் என்பவர் 1927 ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 5 வரை அந்தத் தெருவில் ஒரு பழைய தொப்பிக் கம்பெனிக் கட்டடத்தில் தற்காலிக ஸ்டூடியோ போட்டார். எதிரொலி வராமல் இருக்கச் சுவரெல்லாம் போர்வை. அதற்கு இரண்டு வருடம் முன்புதான் மைக் வைத்து மின்சாரத்தில் பதியும் முறை வந்திருந்தது. குழாய்க்குள் கத்திப் பாட வேண்டிய காலம் போய், மெல்லிய குரலையும் பதிய முடிந்தது. பாட்டுக்கு 50 டாலர் என்று செய்தி பரவியதும் மலையிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள்.

அப்படி வந்தவர்களில் இரண்டு தரப்பை மட்டும் நினைவில் வைத்தால் போதும். ஒன்று, கார்ட்டர் குடும்பம். ஏ.பி. கார்ட்டர், மனைவி சாரா, சாராவின் ஒன்றுவிட்ட தங்கை மேபெல். கடன் வாங்கிய காரில், கைக்குழந்தையோடு, வழியில் டயர் போய், வந்து சேர்ந்தார்கள். மேபெலுக்கு அப்போது 18 வயது, கர்ப்பமாக இருந்தார். மேபெல் கிட்டார் வாசித்த விதத்தைக் கவனித்துக் கேளுங்கள். கட்டை விரல் தடித்த கம்பிகளில் மெட்டை வாசிக்கும், மற்ற விரல் மெல்லிய கம்பிகளைத் தட்டித் தாளம் கொடுக்கும். ஒரே ஆள் இரண்டு பேர் வேலையைச் செய்வது போல இருக்கும். அதன் பிறகு வந்த கிட்டார்காரர்கள் பாதிப் பேர் அந்த வழியில் வந்தவர்கள்.

இன்னொருவர் ஜிம்மி ராட்ஜர்ஸ். மிசிசிப்பிக்காரர், ரயிலில் பிரேக்மேன் வேலை, காசநோய் வந்ததால் வேலை போனது. பதிவுக்கு முந்தைய இரவு தன் குழுவோடு சண்டை வந்து, கிட்டாரோடு தனியாகப் போய் இரண்டு பாட்டுப் பாடினார். அடுத்த ஆறு வருடம் அவர்தான் நட்சத்திரம். 1933 மே மாதம் நியூயார்க்கில் ஸ்டூடியோவுக்குள்ளேயே கட்டில் போட்டுப் படுத்து எழுந்து பாடினார். அந்தப் பதிவுகள் முடிந்த சில நாளில் 35 வயதில் இறந்துபோனார்.

எல்லாரும் கௌபாய் தொப்பி போடறாங்களே, எல்லாரும் மாடு மேய்ச்சவங்களா?

இல்லை. மேலே சொன்ன மலைக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு போட்டுக்கொண்டுதான் படம் எடுத்துக்கொண்டார்கள். தொப்பியும் பூட்ஸும் பெரும்பாலும் சினிமாவின் கைவேலை. 1930களில் ஜீன் ஆட்ரி போன்ற பாடும் கௌபாய் நாயகர்கள் ஹாலிவுட்டில் வந்தார்கள். “மலைக்காட்டான்” என்ற கேலியைவிட “கௌபாய்” என்பது கௌரவமாக இருந்ததால் பாடகர்களும் அதற்கு மாறிக்கொண்டார்கள். டெக்சஸ்காரர்களுக்கு மட்டும் கொஞ்சம் நியாயம் உண்டு.

கிராண்ட் ஓல் ஆப்ரின்னா என்ன? அதை ஏன் கோயில் மாதிரி பேசறாங்க?

நாஷ்வில்லில் நடக்கும் வாராந்திர வானொலி நிகழ்ச்சி. 1925 நவம்பர் 28 அன்று டபிள்யூ.எஸ்.எம். நிலையத்தில் ஜார்ஜ் ஹே என்ற அறிவிப்பாளர் அங்கிள் ஜிம்மி தாம்சன் என்ற 77 வயதுப் பிடில்காரரை மைக் முன்னால் உட்கார வைத்தார். அதில் தொடங்கியது நூறு வருடம் தாண்டியும் ஓடுகிறது. அந்த நிலையம் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியுடையது. “லட்சக்கணக்கானோரைக் காக்கிறோம்” என்ற அவர்கள் விளம்பர வாசகத்தின் ஆங்கில முதலெழுத்துகள்தான் நிலையத்தின் பெயர். சனிக்கிழமை பாட்டுக் கேட்ட வீட்டுக் கதவை அந்தக் கம்பெனி ஏஜென்ட் தட்டினால் உள்ளே விடுவார்கள் அல்லவா, அதுதான் கணக்கு.

பெயர் வந்தது 1927இல். அன்று இதற்குச் சற்று முன் ஒலிபரப்பான நிகழ்ச்சி மேல்நாட்டுச் செவ்வியல் இசை. அது முடிந்ததும் ஹே, இதுவரை கேட்டது கிராண்ட் ஆப்ரா (மேல்நாட்டு இசை நாடகப் பாட்டு), இனிமேல் கேட்கப்போவது கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற பொருளில் கிண்டலாகச் சொன்னார். அது ஒட்டிக்கொண்டது. 1943 முதல் 1974 வரை நிகழ்ச்சி நடந்த ரைமன் அரங்கம் 1892இல் மதப் பிரசங்கத்துக்காகக் கட்டியது. உட்கார தேவாலய பெஞ்சு, ஏசி கிடையாது, வெயில் காலத்தில் கைவிசிறிதான். புது அரங்கத்துக்கு மாறும்போது பழைய மேடைப் பலகையை ஆறடி வட்டமாக வெட்டி எடுத்துப் புது மேடையின் நடுவில் பதித்தார்கள். முதல்முறை பாட வரும் இளைஞர்கள் அந்த வட்டத்தில் நின்று கண்கலங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கோயில் என்று பேசுவது இதனால்தான். ஆனால் இந்தக் கோயிலுக்கும் கதவடைத்த வரலாறு உண்டு, அடுத்த பதிலில் வருகிறது.

இது வெள்ளைக்காரங்க பாட்டுதானே? கறுப்பினத்தவர் இதில் எங்கே?

எனக்கு அதிகம் வந்த கேள்வி இதுதான். பாஞ்சோவிலிருந்தே ஆரம்பிப்போம். அது ஆப்பிரிக்க வழி வாத்தியம். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் சுரைக்குடுக்கையில் தோல் போர்த்திச் செய்து வாசித்தார்கள். வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கேலி செய்த மேடைகள் வழியாகத்தான் அது நாடு முழுக்கப் பரவியது. இன்று பாஞ்சோ என்றாலே வெள்ளைக்கார மலைக்கிழவர் நினைவுக்கு வருகிறார்.

பிரிஸ்டலில் பார்த்த ஏ.பி. கார்ட்டர், புதுப் பாட்டுத் தேடி மலை ஊர்களில் அலையும்போது லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிட்டார்காரரைக் கூட்டிப்போவார். ஏ.பி. வரிகளை எழுதிக்கொள்வார், ரிடில் மெட்டை மனதில் ஏற்றிக்கொள்வார். ரெக்கார்டில் கார்ட்டர் பெயர்தான் வந்தது. பிற்காலத்தில் பெரிய கன்ட்ரி நட்சத்திரமான ஹேங்க் வில்லியம்ஸுக்குச் சிறுவயதில் கிட்டார் சொல்லிக்கொடுத்தவர் அலபாமாவில் தெருவில் பாடிய ரூஃபஸ் பெய்ன். பில் மன்றோ (இவரைப் பற்றிக் கீழே வரும்) காதில் முதலில் விழுந்த ப்ளூஸ், கென்டக்கியில் நிலக்கரிச் சுரங்க ஊர்களில் வாசித்த ஆர்னால்ட் ஷுல்ட்ஸ் உடையது. ஜிம்மி ராட்ஜர்ஸ் 1930இல் பதிந்த ஒரு பாட்டில் ட்ரம்பெட் வாசித்தது லூயி ஆம்ஸ்ட்ராங். லேபிளில் அவர் பெயர் இல்லை.

பிறகு எப்படி இது “வெள்ளைக்காரப் பாட்டு” ஆனது? ரெக்கார்டு கம்பெனிகள் அட்டவணையைப் பிரித்ததால். கறுப்பினத்தவர் பாடினால் ஒரு பட்டியல், வெள்ளையர் பாடினால் இன்னொரு பட்டியல், பாட்டு ஒன்றாகவே இருந்தாலும். இரண்டு பட்டியலையும் வளர்த்ததில் அதே ரால்ஃப் பியருக்குப் பங்கு உண்டு. ஆப்ரியின் தொடக்க கால நட்சத்திரமான டிஃபோர்டு பெய்லி கறுப்பினத்தவர், மௌத் ஆர்கனில் ரயில் ஓடுவதை அப்படியே வாசித்துக் காட்டுவார். சுற்றுப்பயணத்தில் அவருக்கு ஹோட்டலில் இடம் தர மாட்டார்கள். 1941இல் ஆப்ரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். நாஷ்வில்லிலேயே ஷூ பாலிஷ் கடை வைத்துப் பிழைத்து, 1982இல் இறந்தார். சாதனையாளர்களைக் கௌரவிக்கும் கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தது 2005இல். பிறகு சார்லி ப்ரைட் என்ற கறுப்பினப் பாடகர் வந்து 29 பாட்டுகளைப் பட்டியலின் முதலிடத்தில் ஏற்றியதும் உண்மைதான். ஆனால் அவருடைய முதல் ரெக்கார்டுகளை வானொலி நிலையங்களுக்கு அனுப்பும்போது கம்பெனி அவர் படத்தைச் சேர்க்காமல் அனுப்பியது.

பிடில் வேற, வயலின் வேறயா?

ஒரே வாத்தியம். வாசிப்பதுதான் வேறு. அங்கே நடனத்துக்கு வாசிப்பதால் வில்லின் வேகத்தில்தான் எல்லாம் இருக்கும், பல பிடில்காரர்கள் தோளில் வைக்காமல் மார்பில் சாய்த்து வாசிப்பார்கள். இங்கே பாலுஸ்வாமி தீட்சிதர் காலத்தில் அதே வாத்தியம் கர்நாடக இசைக்குள் வந்து, தரையில் உட்கார்ந்து கணுக்காலில் ஊன்றி வாசிக்கும் விதமாக மாறியது.

ப்ளூகிராஸ்னு ஒண்ணு சொல்றாங்களே, அதுவும் கன்ட்ரியும் ஒண்ணா?

ஒரே குடும்பம்தான், கொஞ்சம் கண்டிப்பான பிள்ளை. இதை உருவாக்கிய பில் மன்றோவின் மாநிலமான கென்டக்கிக்கு ப்ளூகிராஸ் மாநிலம் என்று செல்லப்பெயர். அவர் குழுவுக்கு அதை வைத்தார், பிறகு அந்த இசைக்கே அது பெயரானது. மின்சார வாத்தியம் கிடையாது, டிரம்ஸ் கிடையாது. மாண்டலின், பிடில், பாஞ்சோ, கிட்டார், பேஸ் அவ்வளவுதான். வேகம் பயங்கரம், குரல் உச்சத்தில்.

1945 கடைசியில் எர்ல் ஸ்க்ரக்ஸ் என்ற 21 வயதுப் பையன் குழுவில் சேர்ந்தான். மூன்று விரலில் பிக் மாட்டிக்கொண்டு அவன் பாஞ்சோ வாசித்த வேகத்தில், அதுவரை பின்னால் நின்று தாளம் போட்டுக்கொண்டிருந்த வாத்தியம் முன்வரிசைக்கு வந்துவிட்டது.

எனக்குத் தெரிஞ்ச ஒரே கன்ட்ரி பாட்டு ‘கன்ட்ரி ரோட்ஸ்’தான். அது அசல் கன்ட்ரியா?

வெட்கப்பட வேண்டாம், நம்மில் பலருக்கும் கல்லூரி ஹாஸ்டல் கிட்டார் வழியாக வந்த பாட்டு அது. ஜான் டென்வர் 1971இல் பாடியது. அதை எழுதத் தொடங்கிய ஜோடி, பில் டேனாஃபும் டாஃபி நைவர்ட்டும், அப்போது மேற்கு வர்ஜீனியாவுக்குப் போனதே இல்லை. பாட்டு தோன்றியது மேரிலாந்தின் ஒரு சாலையில். பாட்டில் வரும் மலையும் ஆறும் பெரும்பகுதி பக்கத்து மாநிலமான வர்ஜீனியாவில் இருக்கின்றன. இருந்தும் 2014இல் மேற்கு வர்ஜீனியா அதை மாநிலப் பாடல்களில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

அசலா என்ற சண்டை அப்போதே நடந்தது. 1975இல் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் விருது விழாவில், அந்த ஆண்டின் சிறந்த கலைஞர் பெயரை அறிவிக்கக் கன்ட்ரி பாடகர் சார்லி ரிச் மேடையேறினார். உறையைப் பிரித்தார், லைட்டரை எடுத்துச் சீட்டைக் கொளுத்திவிட்டு, ஜான் டென்வர் என்று அறிவித்தார். எதிர்ப்பா, போதையா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். டென்வர் செயற்கைக்கோள் வழியாக ஆஸ்திரேலியாவிலிருந்து நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்க தாத்தா ஜிம் ரீவ்ஸ் கேட்பார். அதில் நீங்க சொல்ற பிடிலும் பாஞ்சோவும் இல்லையே?

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். அதற்குப் பெயர் நாஷ்வில் சவுண்ட். 1950களின் நடுவில் ராக் அண்ட் ரோல் வந்து கன்ட்ரி விற்பனையை அடித்துப் போட்டது. செட் அட்கின்ஸ், ஓவன் பிராட்லி ஆகிய தயாரிப்பாளர்கள் பிடிலையும் ஸ்டீல் கிட்டாரையும் பின்னுக்குத் தள்ளி, வயலின் வரிசையையும் கோரஸையும் கொண்டுவந்தார்கள். நாஷ்வில் சவுண்ட் என்றால் என்ன என்று கேட்டபோது அட்கின்ஸ் பாக்கெட்டில் கைவிட்டுச் சில்லறையைக் குலுக்கிக் காட்டினாராம்.

பேட்ஸி கிளைனும் ஜிம் ரீவ்ஸும் அந்தக் காலத்தின் பெரிய குரல்கள். இருவரும் விமான விபத்தில் போனார்கள், 1963இலும் 1964இலும். மைக்குக்கு மிக அருகில் வாய்வைத்து ரீவ்ஸ் மெதுவாகப் பாடியதில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழும். ஆங்கிலம் தாய்மொழியல்லாத ஊர்களிலும் அவர் நுழைந்ததற்கு அது ஒரு காரணம் என்பது என் கணிப்பு. இலங்கை வானொலியின் ஆங்கிலச் சேவை கேட்டவர்கள் வீட்டிலும், மெட்ராஸ் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களிலும், டிசம்பர் மாதம் அவருடைய கிறிஸ்துமஸ் பாட்டு இல்லாமல் கழியாது.

இந்த வழவழப்புக்கு எதிராகக் கிளம்பியவர்களும் உண்டு. கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் பக் ஓவன்ஸ், மெர்ல் ஹேகர்ட். டெக்சஸ் பக்கம் வில்லி நெல்சன், வேலன் ஜென்னிங்ஸ்.

குடிகாரப் புருஷன், ஓடிப்போன பொண்டாட்டி, இதையே பாடறாங்களே. பெண்கள் தரப்பு இல்லையா?

இருக்கிறது, கன்ட்ரியில் எனக்குப் பிடித்த பகுதியே அதுதான். 1952இல் ஓர் ஆண் பாடகரின் பாட்டு சக்கைப்போடு போட்டது. மதுக்கடையில் திரியும் பெண்ணால் என் வாழ்க்கை போச்சு என்று புலம்பல். அதே மெட்டில் கிட்டி வெல்ஸ் பதில் பாடினார்: கல்யாணமானதை மறைத்துக்கொண்டு திரியும் ஆண்கள்தான் காரணம் என்று. பதிவுக்குக் கிடைக்கும் 125 டாலருக்காக மட்டும் ஒத்துக்கொண்டவர் அவர். பாட்டு முதலிடத்துக்குப் போனது, தனிப் பெண் குரல் ஒன்று பில்போர்டு பத்திரிகையின் கன்ட்ரி பட்டியலில் அங்கே ஏறியது அதுவே முதல்முறை. ஒரு தேசிய வானொலி வலையமைப்பு அதைத் தடை செய்ததும் நடந்தது.

லொரெட்டா லின் கென்டக்கியில் சுரங்கத் தொழிலாளி மகள், 15 வயதில் கல்யாணம். கருத்தடை மாத்திரை பற்றி 1975இல் ஒரு பாட்டு வெளியிட்டார். பல நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன, பாட்டு இன்னும் அதிகமாகப் பேசப்பட்டது. பாடகி டாலி பார்ட்டனிடம் அவர் எழுதிய ஒரு பாட்டை எல்விஸ் பிரெஸ்லி கேட்டார், பதிப்புரிமையில் பாதி வேண்டும் என்றது எல்விஸ் தரப்பு. டாலி அழுதுகொண்டே மறுத்தார். 1992இல் விட்னி ஹூஸ்டன் பாடி உலகமெல்லாம் ஓடியதே, அதே பாட்டுதான். பதிப்புரிமைக் காசு முழுதும் டாலிக்கு வந்தது.

பியான்சே பாடினது கன்ட்ரியா? இதையெல்லாம் யார் முடிவு பண்றது?

நாஷ்வில் வானொலி, விருது அமைப்புகள், பில்போர்டு பட்டியல் ஆகிய மூன்று இடங்களில் முடிவாகிறது. மூன்றும் ஒரே பதிலைச் சொல்வதில்லை. 2019இல் லில் நாஸ் எக்ஸ் என்ற கறுப்பின ராப் கலைஞரின் பாட்டைப் பில்போர்டு கன்ட்ரி பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அதே பாட்டு பொதுப் பட்டியலில் 19 வாரம் முதலிடத்தில் நின்றது. 2024இல் ஷபூசி என்ற இன்னொரு கறுப்பினக் கலைஞர் அந்த 19 வாரத்தைச் சமன் செய்தார், இந்த முறை அது கன்ட்ரி இல்லை என்று யாரும் எடுக்கவில்லை. கறுப்பினப் பாப் பாடகியான பியான்சேயின் ஆல்பம் 2025 கிராமி இசை விருது விழாவில் சிறந்த கன்ட்ரி ஆல்பம் விருதையும் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருதையும் வாங்கியது. கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனோ அதற்கு முந்தைய ஆண்டு அதை ஒரு பிரிவில்கூடப் பரிந்துரைக்கவில்லை.

என்னைக் கேட்டால், மேலே பாஞ்சோ பற்றிச் சொன்ன பதிலைப் படித்துவிட்டு அந்த ஆல்பத்தின் பெரிய ஹிட் பாட்டைக் கேளுங்கள். அதில் பாஞ்சோ வாசித்திருப்பவர் ரியானன் கிடென்ஸ். கறுப்பின பாஞ்சோ மரபைத் தேடிப்போய், வட கரோலினாவில் ஒரு முதிய பிடில்காரரிடம் நேரில் உட்கார்ந்து கற்றவர்.

இது வலதுசாரி ஆட்கள் கேட்கிற பாட்டுன்னு சொல்றாங்களே?

கேட்பவர்களில் அவர்கள் அதிகம், வானொலி நிலையங்களும் அந்தக் காற்றுக்கு ஏற்பத் திரும்பும். 2003இல் டிக்சி சிக்ஸ் குழுவின் நடாலி மெய்ன்ஸ், லண்டன் மேடையில் ஜனாதிபதி புஷ் எங்கள் டெக்சஸ்காரர் என்பதில் வெட்கப்படுகிறோம் என்று சொன்னார். அடுத்த சில நாளில் கன்ட்ரி வானொலியிலிருந்து அவர்கள் பாட்டு காணாமல் போனது, சி.டி.களை டிராக்டர் ஏற்றி நசுக்கினார்கள். 2007இல் அவர்களுக்கு ஐந்து கிராமி. ஆனால் வில்லி நெல்சனும் லொரெட்டா லின்னும் ஒரே கட்சிக்கு ஓட்டுப் போட்டவர்கள் அல்ல, இரண்டு பேர் பாட்டையும் ஒரே வீட்டில் கேட்கிறார்கள்.

அமெரிக்கா போனால் எங்கே போய்ப் பார்க்கலாம்?

நாஷ்வில்லில் ரைமன் அரங்கமும் ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகமும் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. அருங்காட்சியகத்தின் ஜன்னல்கள் பியானோ கட்டை போல இருக்கும். ஆப்ரி ஊருக்கு வெளியே. பிராட்வே தெருவில் பகலிலேயே கடைக்குக் கடை பாடுவார்கள், ஆனால் கூட்டமும் சத்தமும் அதிகம். நின்று கேட்க அது சரியான இடம் இல்லை.

நேரம் இருந்தால் பிரிஸ்டல் போங்கள். மேலே சொன்ன தெருவில் நடுக்கோட்டின் மேல் நடக்கலாம், 2014இல் திறந்த அருங்காட்சியகமும் உண்டு, செப்டம்பரில் இசை விழா. அங்கிருந்து காரில் கொஞ்ச தூரம் போனால் ஹில்டன்ஸ் பக்கத்தில் கார்ட்டர் ஃபோல்டு என்ற இசை அரங்கம். ஏ.பி.யின் மகள் ஜானெட் 1974இல் அப்பாவின் பழைய மளிகைக் கடையில் தொடங்கியது, இப்போது பெரிய கொட்டகை. சனிக்கிழமை இரவுதோறும் பாட்டு. மேடையில் மின்சார வாத்தியம் கூடாது என்பது விதி, மேபெலின் மருமகன் ஜானி கேஷுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். மனைவி ஜூன் இறந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், 2003 ஜூலையில், அவர் கடைசியாகப் பொதுமேடையில் பாடியதும் இங்கேதான்.

மேடைக்கு முன்னால் ஆடுவதற்கு இடம் விட்டிருப்பார்கள். எண்பது வயதுப் பாட்டிகள் உள்ளங்காலில் தகடு அடித்த ஷூவோடு வந்து தரையில் தாளம் போடுவார்கள். மதுவுக்கு அனுமதி இல்லை. பஸ்ஸை நம்பிப் போக முடியாது, கார் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.